நாலாவது வரி

தப்பாகச் சொல்லிவிடுவோம் என்றே சந்தனமாரிக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருப்பதில்கூட அவளுக்கு அவ்வளவு பயமில்லை. வாயைத் திறந்து, சரியாகத்தான் சொல்கிறோம் என்று நம்பிக்கொண்டே, முன்னால் வரவேண்டியதைப் பின்னால் சொல்லி, பின்னால் வரவேண்டியதை முழுங்கி, கேட்கிறவர்கள் அதை வேறொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் யார் பின்னால் ஓடிப்போய் அதைத் திருப்பி வாங்குவது. ஊறிய உளுந்தை வடித்துக் கிரைண்டரில் போட்டாள். சுவிட்சைத் தட்டியதும் கல் கடகடவென்று முரண்டு பிடித்துவிட்டு, பிறகு ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளங்கையில் தண்ணீர் அள்ளித் தெளித்தாள். இந்த உளுந்து பொங்கி வருவதற்குள் அவர்கள் வந்துவிடுவார்கள். மும்பையிலிருந்து ஒரு மேடம், கடன் கம்பெனி மேனேஜர் சுதாகர், அப்புறம் கம்பெனியை ஆரம்பித்த டீச்சர். டீச்சரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டீச்சரை வைத்துக்கொண்டே டீச்சரைப் பற்றிக் கேட்பார்கள். போன வருஷம் ஆண்டுவிழாவில் உறுதிமொழி சொல்லும்போது டீச்சர் நாலாவது வரியை விட்டாரே, அது வேண்டுமென்று விட்டதா, மறந்து விட்டதா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீதானே. கேள்வி இவ்வளவுதான். பதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. வேண்டுமென்று என்றால் ஒன்று, மறந்து என்றால் இன்னொன்று. ஆனால் அந்தச் சின்ன பதிலில்தான் டீச்சர் இருப்பதும் போவதும் இருந்தது, இந்தத் தெருப் பெண்கள் நாளைக்கு எப்படி நடத்தப்படுவார்கள் என்பது இருந்தது, கொஞ்சம் தள்ளி, கண்ணை மூடினாலும் தெரிகிற தூரத்தில், மகள் அனுசியாவின் வேலையும் இருந்தது. கல்லின் ஓரத்தில் ஒட்டிய பருப்பை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள். விரலைப் பார்த்துத் தள்ளு என்று அம்மா சொல்வாள். அம்மா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, விரல் இன்னும் பார்த்துத்தான் போகிறது.

ஆறாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லி எழுப்பி நிறுத்தியபோதும் இப்படித்தான் இருந்தது. தெரியும், எல்லாம் தெரியும், வீட்டில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்ததுதான், ஆனால் எழுந்து நின்றதும் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வெளியே போய் நில் என்றார் சார். நின்றாள். அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்தது, ஏறிக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதையும் தப்பாகத்தான் சொல்லியிருப்பாள். இப்போது இந்த வயதில், முன்தலை நரைத்து, மாவு விற்று ஒரு பிள்ளையைக் காலேஜ் வரை படிக்க வைத்த பிறகு, மறுபடியும் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். அவர்கள் உட்காரச் சொல்வார்கள், மேடம் ரொம்பத் தன்மையானவர் என்று சுதாகர் சொன்னான். தன்மையானவர்களிடம்தான் இன்னும் பயம். சத்தம் போடுகிறவர்களிடம் வாயை மூடிக்கொண்டால் போதும், தன்மையாகக் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

தண்ணீர். கொஞ்சம்தான். டீச்சர் இந்தத் தெருவுக்கு முதல்முதலில் வந்தபோது ஒரு மொபெட்டில் வந்தார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர், பெயர் ரூபாவதி, ஆனால் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை, டீச்சர்தான். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு, ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன், வாரா வாரம் கூடி வாரா வாரம் கட்டுவது. அப்போது கைப்பிடி என்று பெயர்கூட வைக்கவில்லை. பிற்பாடுதான் கைப்பிடி மகளிர் நிதி என்று போர்டு வந்தது, கிளைகள் வந்தன, கம்ப்யூட்டர் வந்தது, மும்பைக்காரர்கள் பணம் போட்டார்கள். முதல் குழுவில் சந்தனமாரி இருந்தாள். முதல் குழுவில் முதலில் கட்ட முடியாமல் போனவளும் அவள்தான். புருஷன் பெரியசாமிக்கு மஞ்சள் காமாலை, தீப்பெட்டி ஆபீஸுக்கு மழை விடுமுறை. அடுத்த வாரம் பார்த்தால் குழுப் பெண்கள் ஒன்பது பேரும் அவள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள், பூக்கட்டிக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களை என்ன செய்வது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கைப்பிள்ளை அழுதால் வெளியே கேட்கும் என்று அனுசியாவின் வாயில் முலையைத் திணித்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் மொபெட் சத்தம் கேட்டது. டீச்சர் வந்து ஒன்பது பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். இப்ப நானும் உள்ளதான் இருக்கேன், எந்திரிச்சுப் போறீகளா, இல்ல எனக்கும் சேத்து உக்காந்திருக்கப் போறீகளா என்று உள்ளேயிருந்தே கேட்டார். ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். அந்த இடத்திலேயே, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, டீச்சர் உறுதிமொழியில் ஒரு வரி சேர்த்தார். முடியாதவள் வாசலில் போய் உட்கார மாட்டோம். நாலாவது வரி. மற்ற எல்லாக் கம்பெனிகளும் வாசலில் உட்கார வைத்துத்தான் வசூல் செய்தார்கள், இவர்கள் மட்டும் இல்லை. அடுத்த ஊர்க்காரிகள்கூட, உங்க டீச்சர் கம்பெனில சேத்துவிடுங்கக்கா என்று இதற்காகவே கேட்டு வந்தார்கள். அந்த வரி அவளுக்காக வந்த வரி. அவள் வாசலில் பிறந்த வரி. அது போன விதத்தை அவளையே சொல்லச் சொல்கிறார்கள்.

உளுந்து இப்போது உடைந்து, பாதி பருப்பும் பாதி கூழுமாகச் சுழன்றது. இந்தக் கட்டத்தில்தான் கவனிக்க வேண்டும், தண்ணீர் கூடினால் மாவு ஏறாது, குறைந்தால் கல் சூடாகிவிடும். டீச்சர் கவனிக்காமல் விட்டது எதுவுமில்லை, அதுதான் வினையாகப் போயிற்றோ. கூட்டத்தில் விரிக்கிற பாயின் நிறம்கூட டீச்சர் சொன்னதுதான். டீச்சர் ஒன்று சொன்னால் அது சட்டம், சொல்லாமல் செய்தால்கூட சட்டம். ஒரு சித்திரை மாதம் வெயில் தாங்காமல் டீச்சர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உறுதிமொழி சொன்னார். அடுத்த வாரம் மூன்று கிளைகளில் பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கேட்டு டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், சந்தனமாரியும் சிரித்தாள், இப்போது நினைத்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை. அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும், டீச்சர், இப்படி இருக்கக் கூடாது, நீங்க தும்முனாக்கூட நாங்களும் தும்முதோம், நாளைக்கு நீங்க தடுக்கி விழுந்தா என்ன ஆகும் என்று. யார் சொல்வது. கணக்குப் பார்த்த ஒரு பெண் இருந்தாள், சூட்டிகையானவள், கேள்வி கேட்பாள், அவளை டீச்சருக்குப் பிடிக்கவும் செய்தது, ஆனால் கூட்டத்தில் வைத்து மறுத்துப் பேசிவிட்டாள் என்று ரெண்டு மாதம் முகம் கொடுக்கவில்லை, அவளாகவே போய்விட்டாள். உங்களுக்குப் பிறகு யார் என்று வருஷா வருஷம் மும்பைக்காரர்கள் கேட்பார்கள். எனக்குப் பிறகு இவங்கதான் என்று டீச்சர் கையை விரித்து முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களை எல்லாம் காட்டுவார். கைதட்டு விழும். சந்தனமாரியும் தட்டியிருக்கிறாள். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்திக்குக்கூட எதையும் தானாக முடிவு செய்து பழக்கமில்லை. டீச்சரே முடிவு செய்துவிடுவார், நன்றாகவும் செய்துவிடுவார். நல்லவர்கள் கையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அந்த நல்லவர்களுக்கு ஒன்று ஆகும்போது கையில் என்ன இருக்கும். சே, என்ன நினைப்பு இது. மாவைப் பார்.

அந்த ஆண்டுவிழா. கல்யாண மண்டபம், மேடையில் பாய், நாற்காலி கிடையாது, டீச்சர் நடுவில், முதல் குழு என்பதால் சந்தனமாரி பக்கத்தில். பட்டுப் புடவை உறுத்திக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு வரி சொல்ல, மண்டபம் திரும்பச் சொல்லும். வாரம் தவறாமல் கூடுவோம். வாங்கியதை வீட்டுக்கே செலவழிப்போம். ஒருத்திக்கு முடியாதபோது மற்றவர்கள் கைகொடுப்போம். அங்கே டீச்சர் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரிந்தது. டீச்சருடைய கண் போய்விட்டது. விளக்கு அணைந்த வீட்டுக்குள் ஆள் நடமாடுகிற மாதிரி, உள்ளே எதையோ தட்டித் தடவித் தேடியது. பிறகு அந்தக் கண் அவள் பக்கம் திரும்பியது. என்ன வரும், சந்தனம், அடுத்தது என்ன வரும் என்று கேட்டது. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். மைக் டீச்சர் முகத்துக்கு எதிரே இருந்தது, முணுமுணுத்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும், டீச்சருக்கு எடுத்துக்கொடுக்கிறாள் பார் என்று ஆகிவிடும், எடுத்துக்கொடுப்பதையும் தப்பாக எடுத்துக்கொடுத்துவிட்டால். அதற்குள் டீச்சர் அடுத்ததற்குப் போய்விட்டார். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்போம். மண்டபமே திருப்பிச் சொன்னது. ஒரு குரல்கூடத் தடுக்கவில்லை. வேனில் திரும்பும்போது பின்சீட்டில் ஒருத்தி, டீச்சர் அந்த வரிய எடுத்துட்டாக போலக்கா என்றாள். இன்னொருத்தி, எடுத்தாகன்னா காரணம் இருக்கும் என்றாள். முக்காடு போட்டவர்கள்தானே. அடுத்த வாரம் எல்லாக் கூட்டத்திலும் அந்த வரி இல்லை. அதற்கு அடுத்த வாரம் சுதாகர் ஆள் அனுப்பிப் புது உறுதிமொழியைப் பழக்கினான். அவனுக்குத் தெரியாதா. தெரிந்திருக்கும். அந்த வரி போனால் வசூல் ஏறும் என்று அவனுக்குத் தெரியும், டீச்சர் வாயாலேயே போயிற்று என்பது அவனுக்கு எங்கேயோ மழை பெய்து இங்கே குளம் நிறைந்த மாதிரி. டீச்சர் இப்போதெல்லாம் குழுக்களுக்கு வருவதில்லை, ஆபீஸ் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், சில நாள் தெளிவு, சில நாள் மொபெட்டை எங்கே வைத்தேன் என்று தேடுவாராம். அந்த ஆபீஸிலேயே வேலை பார்க்கிற அனுசியா சொன்னது. அம்மா, இதை யார்ட்டயும் சொல்லிராத என்று சொல்லிவிட்டுச் சொன்னது.

பொங்கி வருகிறது. கையை ஓரமாக விட்டு, மாவை மடித்துத் தள்ளினாள். இந்த வாசனை. இசக்கி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அன்றும் அவள் கையில் இந்த வாசனைதான். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், அவர்கள் அதைக் கேட்கப்போவதில்லை. கேட்டால். இசக்கியம்மாள் அவள் குழுவில் ஒருத்தி, நாலு வீடு தள்ளி இருந்தவள், புருஷன் லோடுமேன், மூட்டை சரிந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டான், ரெண்டு பெண் பிள்ளைகள். தவணை நின்றது. சுதாகருடைய பையன்கள் ஒன்றும் மிரட்டவில்லை, தலைவியக்கா, உங்க குழுவைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு நேரம் உக்காருங்க, போதும், அவ வந்துருவா என்றார்கள். தலைவி என்று அவளைத்தான் சொன்னார்கள். முடியாது என்று சொல்ல அவள் வாய் எடுத்தாள், எதைச் சொல்லி முடியாது என்பது, அந்த வரிதான் இல்லையே. போனாள். முன்னால் போனாள். மற்ற எட்டுப் பேரும் பின்னால். முதலில் எல்லாருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, பிறகு வெயில் ஏற ஏற நிழல் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்கள், ஒருத்தி நேற்றைய சீரியல் கதையை ஆரம்பித்தாள், இன்னொருத்தி பீர்க்கங்காய் சீவினாள், கொஞ்ச நேரத்தில் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிட்டது, அதுதான் பயங்கரம். உள்ளே சின்னப் பிள்ளை இருமியது, இருமலை யாரோ கையால் பொத்தினார்கள். சந்தனமாரிக்குத் தெரியும் அந்தக் கை எப்படிப் பொத்தும் என்று. உச்சி வெயிலில் கதவு ஒரு முழம் திறந்தது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். இசக்கி வெளியே வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வாசற்படியில் வைத்தது அவள் கை. வெயில்ல இருக்கீகளே, குடிங்கக்கா என்றாள் உள்ளேயிருந்தே. கதவு மூடிக்கொண்டது. அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். மாறி மாறி அண்ணாந்து குடித்தார்கள். சந்தனமாரியும் குடித்தாள், தாகமாக இருந்தது. அன்றைக்கு யாரும் உள்ளே வந்து இசக்கி பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார வேண்டியவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை வீடு பூட்டிக் கிடந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தவனை எப்படித் தூக்கிக்கொண்டு போனாளோ. கொடியில் துணி அப்படியே காய்ந்தது. சின்னவளின் யூனிபார்ம் பாவாடை, இடுப்பில் ஊக்கு மாட்டியது மாட்டியபடி. மழை வந்த அன்று அவள்தான் போய் எடுத்து மடித்து வைத்தாள். டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது. எந்த ஊருக்கு அனுப்புவது.

இசக்கி போன விஷயம் எப்படியோ டீச்சர் காதுக்குப் போய், தெளிவான நாள் போலிருக்கிறது, வாசலில் உட்கார வைத்தது யார், உறுதிமொழியை மறந்துவிட்டீர்களா என்று கத்தியிருக்கிறார். நீங்கதானே டீச்சர் எடுத்தீங்க, எல்லாரும் பார்த்தாங்களே என்று சுதாகர் சொல்லியிருக்கிறான். நான் எடுக்கல என்று டீச்சர். எடுத்தீங்க என்று இவன். அதை விசாரிக்கத்தான் மேடம் வருகிறார். டீச்சரால் இனி முடியுமா முடியாதா என்பதையும் சேர்த்து விசாரிக்க. முந்தாநாள் சுதாகர் இங்கே வந்தான், மாவு வாங்க வந்தவன் மாதிரி. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினான். உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கக்கா, நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன், யோசிச்சுச் சொல்லுங்க, அவ்வளவுதான் என்றான். மாவுக்குச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தான். படியிறங்கும்போது, அனுசியா நல்லா வேலை பார்க்குது, அடுத்த மாசம் பெர்மனென்ட் பண்ணிரலாம்னு இருக்கோம் என்றான். நல்லவிதமாகத்தான் சொன்னான். முகத்தில் ஒரு கெடுதலும் இல்லை. மறந்துட்டாக என்று சொன்னால் டீச்சரை அனுப்பிவிடுவார்கள், மறதிக்காரி நடத்துகிற கம்பெனியில் யார் பணம் போடுவார்கள், அப்புறம் சுதாகர்தான், அந்த வரி திரும்பவே திரும்பாது. வேணும்னுதான் எடுத்தாக என்றால் இசக்கியின் பாவம் டீச்சர் தலையில், அதைக் கேட்டால் டீச்சர் செத்துப்போவார். மறந்துட்டாக, அது மறதின்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சே பிடிச்சுக்கிட்டாங்க என்று சொன்னால், அதுதான் சரி, அதுதான் நடந்தது, ஆனால் அப்போது மேடம் தன்மையாகக் கேட்பார், தெரிஞ்சுமா நீங்க போய் உட்கார்ந்தீங்க. அதற்கு என்ன சொல்வாள். தண்ணீர் குடித்தேன் என்று சொல்வாளா. அப்புறம் அனுசியா சாயங்காலம் டிபன் பாக்ஸோடு வந்து நிற்பாள், அம்மா, என்னம்மா சொன்னே.

கல் நின்றது. கரண்ட் போயிருந்தது. அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, முடியாதவள் வாசலில் போய், முடியாதவள் வாசலில் போய் என்று, அது தன்னுடையதுதான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உள்ளறையிலிருந்து பெரியசாமி, மில்லில் இரவு வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவன், யார்ட்டப் பேசுத என்று தூக்கக் குரலில் கேட்டான். கிரைண்டர்ட்ட என்றாள். அது என்ன சொல்லுது என்றான். சுத்த முடியலங்குது என்றாள். அவன் சிரித்துவிட்டுப் புரண்டு படுத்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எழுந்து போய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவன் கேட்டுவிட்டு, உனக்கு எது சரின்னு படுதோ என்பான். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், எது சரி என்று அவளுக்குத் தெரியாது என்று யாருக்கும் தோன்றவில்லையா. தெரியும். அதுதான் கஷ்டம், தெரியும். ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளிக் கிண்ணத் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. பதம் வந்துவிட்டது, இனி கரண்ட் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கையைக் கழுவக்கூட நேரமில்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டே போனாள்.

முன்னறையில் குழுப் பெண்கள் ஏற்கெனவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடம் சின்னப் பெண்ணாகத்தான் இருந்தாள், கண்ணாடி போட்டு, நல்ல தமிழில் வணக்கம் சொன்னாள். சுதாகர் டீச்சருக்கென்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். டீச்சர் அதைப் பார்க்கவே இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர், இளைத்துப் போயிருந்தார், ரவிக்கை தோளில் நழுவியது, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து சந்தனமாரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். உளுந்து ஆட்டுனியா என்றார். ஆமா டீச்சர் என்றாள். விரல் இடுக்கில் மாவு காய்ந்து ஒட்டியிருந்ததை டீச்சர் நகத்தால் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தார். நாம எப்பவும் போல உறுதிமொழியில ஆரம்பிச்சிருவோம் மேடம் என்று சுதாகர் சொன்னான். டீச்சர் சொல்ல, எல்லாரும் சொன்னார்கள். வாரம் தவறாமல் கூடுவோம். டீச்சர் குரல் நடுங்கியது. வாங்கியதை வீட்டுக்கே செலவழிப்போம். ஒருத்திக்கு முடியாதபோது மற்றவர்கள் கைகொடுப்போம். சந்தனமாரி டீச்சரின் கண்ணைப் பார்த்தாள். டீச்சர் நிற்கவில்லை. தேடவில்லை. பழைய மொபெட் காலத்துக் குரலில், வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரலில் சொன்னார்.

முடியாதவள் வாசலில் போய் உட்கார மாட்டோம்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மின்விசிறியும் ஓடவில்லை, தெருவில் உப்பு விற்கிறவன் குரல் தூரத்தில் போனது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், பிறகு எல்லாரும் சந்தனமாரியைப் பார்த்தார்கள், தலைவி அவள்தானே, அவள் சொன்னால் சொல்வார்கள். அவளுக்கு அது புரிந்தது. விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, முன்னால் பின்னால் ஆகிவிடும் என்ற பயமில்லை, ஐந்தே வார்த்தை, திருப்பிச் சொன்னால் போதும், எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், அந்த வரி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், மேடம் பார்த்துக்கொள்ளட்டும். இசக்கி எங்கே இருந்தாலும் அது அவள் காதில் விழும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாய் திறந்தும்விட்டது. சுதாகர் அவளைப் பார்க்கவில்லை, போனை வைத்துக்கொண்டு எதையோ தடவிக்கொண்டிருந்தான். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்றாள் சந்தனமாரி. அப்பாடா என்பது போல எல்லாரும் உரக்கச் சொன்னார்கள், பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்போம்.

டீச்சர் சுற்றிப் பார்த்தார். மேடம் குனிந்து, ரொம்பத் தன்மையாக, அவங்க நடுவுல ஒரு வரி சொன்னாங்களே, அதை நீங்க யாரும் சொல்லலையே என்று கேட்டாள். யாரைப் பார்த்து என்றில்லாமல் கேட்டாள். டீச்சர் முந்திக்கொண்டார். மாவு சுரண்டுகிற நகம் நிற்கவில்லை.

"இவட்டக் கேளுங்க. இவ வாசல்லதான் அந்த வரியே பொறந்துச்சு. இவ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள். சந்தனமாரி எழுந்து நின்றாள். நிற்க வேண்டாம், உட்கார்ந்தே சொல்லலாம் என்றார்கள், அவள் நின்றுதான் சொன்னாள், கை மட்டும் டீச்சர் கைக்குள் இருந்தது.

"அந்த வரிய டீச்சர்தான் போன வருஷம் எடுத்தாங்க, மேடம். எடுத்ததே டீச்சருக்கு மறந்துபோச்சு."

திக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. முன்னால் வரவேண்டியது முன்னாலும் பின்னால் வரவேண்டியது பின்னாலும் வந்து நின்றன. சுதாகர் போனைப் பைக்குள் வைத்தான். கீழே, டீச்சருடைய நகம் நின்றிருந்தது. அப்படியா என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார், அவளிடமா தன்னிடமா தெரியவில்லை, சரி, அப்படித்தான் இருக்கும் என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி சுரண்டத் தொடங்கினார். சந்தனமாரி கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாவெல்லாம் போகும்வரை கொடுத்துக்கொண்டு நின்றாள்.